இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் பெயர் மாறியவள்

கீழ்வீட்டு அக்கா ஒரு புத்தகத்தைத் தேடித் தரச் சொன்னார். அதன் பெயர் அவருக்குத் தெரியாது. எழுதியவரையும் தெரியாது. பச்சைத் துணி ஒட்டிய அட்டை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. நாற்பத்திநான்காம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டது. கதை முடியவில்லை, பக்கங்கள் முடிந்துவிட்டன.

"அதுக்கு மேல அவ என்ன ஆனான்னு எனக்குத் தெரியணும் தம்பி. நானே வாசிக்கணும். கண்ணு இருக்கும்போதே."

கண்ணைப் பற்றி அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. இடது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி முன்பே தேய்ந்துவிட்டது. ஆளைப் பார்த்தால் தோளும் காதும் தெரியும், முகம் தெரியாது. வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி. டாக்டரம்மா, படிக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால் இப்போதே படித்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, சில மாதங்கள் என்று மட்டும் பதில் வந்தது.

"பைபிள் வாசிக்கச் சொல்லுதாவன்னு நெனச்சேன்," என்றார் அக்கா. "அதுல பாதி மனப்பாடம். அதுக்குக் கண்ணு வேண்டாம்."

நாங்கள் குடியிருப்பது செகந்திராபாத் பக்கத்து லோத்குண்டாவில், ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டிய அடுக்ககம். நான் ஆங்கில நாளிதழ் ஒன்றில் நெடுங்காலம் செய்தி மேசையில் இருந்து, மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருந்தவன். அக்கா மௌலா அலி பக்கத்து அரசு ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். பேசுவது அப்பாவின் பாளையங்கோட்டைத் தமிழ். நடுவில் வேண்டாமுக்கு நக்கோ, ஆமாமுக்கு ஹவ் என்று ஹைதராபாத் உருதுவும் வரும். திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா ஓய்வு பெற்றுக் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியபோது, அங்கே பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கையில் வேலை உத்தரவோடு இவர் மட்டும் இங்கே தங்கிவிட்டார். அப்போது வயது இருபத்திமூன்று.

அந்தத் துணிச்சல் பச்சைப் புத்தகத்திலிருந்து வந்தது என்று அவர் முதல் நாளே சொன்னார். சாதாரணமாக, ஒரு மருந்தின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். அதில் வரும் பெண் நிச்சயதார்த்தத்தன்று வீட்டைவிட்டுப் பஸ் ஏறிப் போய், மலை எஸ்டேட் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நர்சாகி, தனியாக நின்று காட்டுகிறாள். பதினான்கு வயதிலிருந்து அதைப் பத்துப் பன்னிரண்டு முறை வாசித்திருக்கிறார். பிறகு கோயில் பாடகர் குழுவில் யாரோ இரவல் வாங்கிப்போய்த் திரும்பக் கொடுக்கவில்லை.

இணையத்தில் தமிழ் வாசகர்களின் குழு ஒன்றில் நான் சில வருடங்களாக இருக்கிறேன். அங்கே புத்தகம் பேசுகிறவர்களைவிடப் புத்தகம் தேடுகிறவர்கள் அதிகம். தேடுபொறியில் போட எதுவும் கையில் இல்லாதவர்கள்தான் அங்கே வருவார்கள். ஒருவருக்கு அட்டையில் இருந்த கிளி மட்டும் நினைவிருக்கும். ஒருவருக்கு, காய்ச்சலில் படுத்திருந்தபோது வாசித்தது என்பது மட்டும். அந்தக் காய்ச்சலை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். எந்த ஊர், என்ன வயது, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் என்ன விளம்பரம்? பின்பக்க விளம்பரத்தை வைத்து ஆண்டைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே இரண்டு பேர் உண்டு. ஒருவர் செம்பருத்திப் பூவைத் தன் படமாக வைத்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண்மணி. இன்னொருவர் நீராவி எஞ்சின் படம் வைத்திருக்கும் மதுரைக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை; எதிலும் ஒத்துப்போனதும் இல்லை.

அக்கா சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சொன்னார். மேலே வந்து அதைச் சின்னப் பதிவாகச் சுருக்கினேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவின் மகள், நிச்சயதார்த்தம், பஸ், மலை, ஆஸ்பத்திரி, முடிவில்லாமல் நிற்கும் நாற்பத்திநான்காம் அத்தியாயம். தேடுகிறவரின் கண்ணுக்குச் சில மாதங்களே அவகாசம் இருப்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். குழப்பமாகத் தோன்றியவற்றை விட்டுவிட்டேன். செய்தி மேசையில் அதுதான் பழக்கம்: ஒரு விவரம் மற்றவற்றோடு முட்டினால், அதை உறுதி செய், முடியாவிட்டால் எடுத்துவிடு.

அன்று மாலைக்குள் எஞ்சின்காரர் பதில் போட்டார். கதையைத் தெரியும், தன்னிடமே புத்தகமாக இருக்கிறது என்று அதன் பெயரையும் எழுதியிருந்தார். ஆனால் அவர் தொடர்ந்து எழுதியது வேறு மாதிரி இருந்தது. "குமாஸ்தா மகள், நிச்சயதார்த்தம், பஸ் ஏறுவது எல்லாம் சரி. ஆனா ஆஸ்பத்திரி எங்கிருந்து வந்துச்சு? பஸ் ரெண்டாவது மைல்லயே பிரேக் டவுன் ஆகிரும். மாமா மகன் சைக்கிள்ல போய்க் கூட்டிட்டு வந்துருவான். அதே பந்தல்ல அவனுக்கே கல்யாணம். அந்தம்மா வேற எதையோ போட்டுக் குழப்பிக்கிறாங்க."

செம்பருத்தி அம்மையார் மறுநாள் வந்தார். "அதெப்படிங்க, ஆஸ்பத்திரிக் கதையை நான் வாரா வாரம் படிச்சவ. மலை எஸ்டேட், நர்சு, மழை எல்லாம் அதேதான். ஆனா அந்த நர்சுக்கு அப்பாவே கிடையாதுங்களே. தாலுகா ஆபீஸும் இல்லை, நிச்சயதார்த்தமும் இல்லை. சார் சொல்ற சைக்கிள் கதை வேறங்க."

"அப்ப நீங்க சொல்றதும் வேற கதைதான் மேடம்."

"பதிவைப் போட்டவர் ஆஸ்பத்திரின்னுதானே கேக்கறாரு, சைக்கிள்னா கேக்கறாரு?"

"முதல் வரியைப் படிங்க. குமாஸ்தா மகள்னு இருக்கு."

"கடைசி வரியையும் படிங்க சார்."

குழுவை நடத்துகிற திருச்சிக்காரர் நடுவில் வந்து, ஒரு பதிவுக்கு ஒரு புத்தகம் என்பது குழுவின் விதி, சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார். அதன் பிறகு மூன்று வாரம் ஊகங்கள் வந்தன. வீட்டைவிட்டு ஓடும் பெண்களும் நர்சுகளும் தமிழ்த் தொடர்கதைகளில் இத்தனை பேர் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. வந்த கதைகளைக் கீழே போய்ச் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, "இல்ல, இவ இல்ல" என்றார். எஞ்சின்காரரின் கதையைச் சொன்னபோது சிரித்தார். "சைக்கிள்லயா? நக்கோ தம்பி. இவ சைக்கிள்ல ஏறுத ஆள் இல்ல."

அந்த மூன்று வாரத்தில் ஒரு ஊசி போட்டு வந்தார். முன்பு தபால்பெட்டியில் கிடக்கும் உறைகளின் முகவரியை வாசித்து வீட்டு வீட்டுக்குப் பிரித்து வைப்பார். இப்போது அதை நிறுத்தியிருந்தார். நான் கேட்கவில்லை.

நாலாவது வாரம், நான் என்ன எழுதிப் போட்டேன் என்று கேட்டார். அதுவரை கேட்டதில்லை. போனில் இருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"அவ பேரு மாத்தினதை எங்க?"

"அதை விட்டுட்டேன் அக்கா."

"கைக்கு?" ஏன் என்பதற்கு அவர் வாயில் வரும் உருதுச் சொல்.

எதற்கு என்று சொன்னேன். குமாஸ்தாவின் மகளுக்கு ஒரு பெயரும் நர்சுக்கு இன்னொரு பெயரும் வந்தது. கதையில் எங்கேயாவது பெயரை மாற்றிக்கொண்டதாக வருகிறதா என்று முதல் நாளே கேட்டேன். அப்படி எழுதவில்லை, தானாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். நினைவு பிசகியிருக்கும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

"வீட்ட விட்டு ஓடுதவ சொந்தப் பேரோடயா இருப்பா?" என்றார் அக்கா. "பத்திரிகைக்காரவுக அத்தனை பேரும் இப்படித்தான் வெட்டுவீயளோ? நான் சொன்னதை நான் சொன்ன மாதிரி எழுதுங்க. ஒரு மணி நேரம் தொண்டை வலிக்கச் சொன்னேம்லா."

என் குறிப்பேட்டை எடுத்துவந்து, அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்தேன். நீளமாக வந்தது. நிச்சயதார்த்தத்தன்று அவள் பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவதோடு இருபத்தொன்றாம் அத்தியாயம் முடிகிறது. இருபத்திரண்டில், மழையில், மலையில் ஒரு பஸ்ஸிலிருந்து அவள் இறங்குகிறாள். அங்கிருந்து அவளுக்கு வேறு பெயர். எஸ்டேட் ஆட்கள் குடையோடு வந்து "வந்துட்டீங்களா" என்கிறார்கள். இருவருக்கும் படம் போட்டது ஒரே ஓவியர், அதே பின்னல், அதே கண். பேசி முடிக்கிற இடத்தில் அக்கா சேர்த்த ஒரு வரியையும் விடவில்லை: முதல் இருபத்தொரு அத்தியாயத்தின் தாள் வழுவழுப்பு, அதன் பிறகு சொரசொரப்பு.

பதிவு போட்டு அரை மணி ஆகவில்லை. செம்பருத்தி அம்மையார் கேட்டார்: "இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்கு மேலே தலைப்பு இருந்துச்சுங்களா?"

அக்காவிடம் கேட்டேன். எந்த அத்தியாயத்துக்கும் மேலே தலைப்பு கிடையாது, எண் மட்டும்தான் என்றார். பைண்டு செய்தவர் மேல்விளிம்பை ஒட்ட வெட்டியிருக்கிறார்.

அடுத்து எஞ்சின்காரர் கேட்டார்: "பைண்டு பண்ணினவருக்குத் தமிழ் தெரியுமா?"

இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டியதும் அக்கா சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர்களுக்கு பைண்டு செய்து கொடுத்தவர் செகந்திராபாத் கடைத்தெருவில் இருந்த ஒரு பெரியவர். கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளையும் ஆபீஸ் பேரேடுகளையும் தைத்துக் கொடுப்பவர். உருது வாசிப்பார், இங்கிலீஷ் எண்கள் வாசிப்பார். தமிழ் வீட்டுப் பெண்கள் வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த பக்கங்களைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பக்கங்கள் கலைந்திருந்தாலும் அவர் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்வார்.

அக்காவின் அம்மாவும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரே பையில் கொடுத்திருக்க வேண்டும். ஒரு கதைக்கு ஒன்று முதல் இருபத்தொன்று வரை. இன்னொரு கதைக்கு இருபத்திரண்டு முதல் நாற்பத்திநான்கு வரை. இரண்டும் அரைகுறை. எண்கள் விடாமல் தொடர்ந்தன. படமும் ஒரே கையால் வரைந்தது. தமிழ் தெரிந்த ஒருவர் முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பார். அந்தப் பெரியவருக்கு நிறுத்தக் காரணம் எதுவும் இல்லை. ஒரே தையலில் தைத்துப் பச்சைத் துணி ஒட்டிக் கொடுத்துவிட்டார்.

குழுவில் எஞ்சின்காரர் எழுதினார்: "மேடம், நீங்களும் சரி, நானும் சரி."

"முதல் தடவையா சொல்றீங்க. இதைப் படம் புடிச்சு வெச்சுக்கறேன்," என்று செம்பருத்தி பதில் போட்டார்.

அக்காவிடம் இரண்டு கதைகளின் பெயர்களையும் சொன்னேன். நர்ஸ் அந்தப் பஸ்ஸில் முதன்முதலாக வந்து இறங்கவில்லை, லீவு முடிந்து திரும்பியிருக்கிறாள், அதனால்தான் "வந்துட்டீங்களா" என்று கேட்டிருக்கிறார்கள் என்று செம்பருத்தி விளக்கியதையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை நேராகப் பார்க்க முடியாததால் அவர் இப்போதெல்லாம் எல்லோரையும் கொஞ்சம் ஓரமாகவே பார்ப்பார். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

"அப்ப பஸ் ஏறினவ சைக்கிள்ல திரும்பிட்டா," என்றார்.

"ஆமா அக்கா."

"மலையில நின்னவ ஓடியே வரல."

"ஆமா."

"சரி. முடிவை வாங்குங்க."

எஞ்சின்காரர் தன் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கடைசி அத்தியாயத்தை மட்டும் அக்கா இரண்டு நாளில் வாசித்தார். மூன்றாம் நாள் புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "கல்யாணச் சாப்பாட்டுக்கே ஒரு பக்கம் எழுதியிருக்கான். இத அனுப்பிருங்க, பாவம், தேடப் போறாரு."

நர்ஸின் கதை புத்தகமாக வரவில்லை. செம்பருத்தி அம்மையாரின் தங்கை வீட்டில், பொள்ளாச்சியில், பைண்டு செய்தது இருந்தது. அந்தத் தங்கை குடும்பத்தோடு வெளியூர் போயிருந்தார். பத்து நாள் என்று சொன்னது மூன்று வாரமானது. இதற்குள் அடுத்த ஊசிக்கு நான்தான் அக்காவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். திரும்பும்போது எதிரே போன பஸ்ஸின் பலகையைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஜீடிமெட்லா என்றேன். "ஜீ மட்டும் தெரியுது," என்றார்.

பக்கங்கள் வந்ததும் நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று அன்று சொல்லிப் பார்த்தேன்.

"கேக்கதுக்குக் கோயில்ல பிரசங்கம் இருக்கு. டிவில நியூஸ் இருக்கு. நீங்க வாசிச்சா அது உங்க குரல்ல இருக்கும் தம்பி. கோவிச்சுக்காதீய."

ஒரு சனிக்கிழமை காலை புகைப்படங்கள் வந்தன. நாற்பத்தைந்திலிருந்து ஐம்பத்திரண்டு வரை, எட்டு அத்தியாயங்கள். செம்பருத்தி அம்மையார் ஜன்னல் ஓரத்தில் பக்கங்களை விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துப் படமெடுத்திருந்தார். போனில் போட்டுப் பார்த்ததில் அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பூதக்கண்ணாடியும் உதவவில்லை. எழுத்தின் நடுவில் எங்கே பார்த்தாலும் சாம்பல் பொட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் வீட்டில் பெரிய டிவி இருந்தது. பக்கங்களை அதில் வரவைத்தேன். நிறத்தை மாற்றி, கறுப்பில் வெள்ளை எழுத்தாக்கினேன். பெரிதாக்கிக்கொண்டே போனேன். ஒரு எழுத்து உள்ளங்கை அகலம் வந்தபோது அக்கா, "நில்லுங்க, நில்லுங்க," என்றார். நாற்காலியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்த்து, நேராகப் பார்க்காமல் ஓரமாகப் பார்த்தார். திரையில் மூன்று சொல் மட்டும் இருந்தது. மூன்றையும் வாசித்தார். வாய்விட்டு அல்ல; உதடு அசைந்தது. பிறகு, "அடுத்தது எப்படித் தள்ளுதது?" என்றார்.

ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். நான்கு முறை செய்து பார்த்துவிட்டு என்னை மேலே போகச் சொன்னார்.

பதினாறு நாள் ஆனது. காலையில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. கதவைத் தட்ட வேண்டாம் என்று வாட்ச்மேனுக்குத் தெலுங்கில் உத்தரவு போயிருந்தது. குழுவில் எஞ்சின்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்: அம்மா எந்த அத்தியாயத்தில் இருக்காங்க? சில நாள் நான் போய்க் கேட்டுச் சொன்னேன். ஐம்பதில் மூன்று நாள் நின்றது. கண் வலித்ததால் ஓய்வெடுத்திருக்கிறார். அந்த மூன்று நாளும் குழுவில் வேறு பேச்சு குறைவாகவே இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து யாரோ கண்ணுக்கு ஒரு எண்ணெய் சொன்னார்கள். திருச்சிக்காரர் அந்தக் குறிப்பை நீக்கினார்.

பதினேழாம் நாள் அவரே மேலே வந்தார், படியை எண்ணிக்கொண்டு. நான் காப்பி போட்டேன்.

"முடிச்சுட்டேன்," என்றார்.

"எப்படி இருந்தது?"

"முடிவு சுமார்தான். பெரிய டாக்டர் ஊருக்குப் போயிருதாரு. இவளையும் கூப்பிடுதாரு, கல்யாணம்னு வாயத் தொறந்து சொல்லல, ஆனா அதான். இவ போகல. ஆஸ்பத்திரில அடுத்த நோயாளி யாருன்னு கேக்கா, அவ்வளவுதான். முடிஞ்சுது." காப்பியை ஆற்றினார். "நான் இன்னும் கொஞ்சம் இருக்கும்னு நெனச்சேன். அவளுக்கு வயசாகி, ரிட்டயராகி, அப்படி. அதெல்லாம் எழுதல."

செம்பருத்தி அம்மையாரிடமிருந்து அன்று மாலை செய்தி வந்தது. தங்கை வீட்டில் முழுக் கதையும் இருக்கிறது. முதல் இருபத்தொரு அத்தியாயங்களையும் படமெடுத்து அனுப்பட்டுமா? அந்த நர்ஸ் யார், எந்த ஊர், எப்படி மலைக்கு வந்தாள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அம்மா இதுவரை படிக்காத பகுதி. கண் தாங்கும் என்றால் உடனே ஆரம்பிக்கலாம்.

கீழே போய் வாசித்துக் காட்டினேன். அக்கா டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுங்க. அந்தத் தங்கச்சியையும் கேட்டதாச் சொல்லுங்க. இது மட்டும் வேண்டாம்."

"கண்ணுக்காகவா அக்கா?"

"கண்ணு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும் போல. அதுக்கில்ல." ரிமோட்டை மடியில் வைத்தார். "அவ எங்கேருந்து வந்தான்னு எனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா மக. பூ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தவ."